டி.சி. முதல் டிரான்ஸ்கிரிப்ட் வரை: கல்லூரி அலுவலகத்தில் கேட்கும் தாள்களை எங்கே, எப்போது வாங்குவது?

பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கும், கூட வரும் அப்பா அம்மாவுக்கும் முதல் வாரத்திலேயே ஒரு கூடைச் சொற்கள் வந்து விழும். போனஃபைடு, கண்டக்ட், எலிஜிபிலிட்டி, மைக்ரேஷன், நோ டியூஸ், கண்டோனேஷன். கவுன்டரில் இருப்பவர் இவற்றைத் தினமும் நூறு தடவை சொல்பவர், அதனால் வேகமாகச் சொல்வார். பின்னால் நீளமான வரிசை நிற்கும். திரும்பக் கேட்கக் கூச்சப்பட்டு வெளியே வந்து, ஜெராக்ஸ் கடைக்காரரிடம் அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டவள் நான். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் கல்லூரிப் படி ஏறியதில்லை. பிறகு தங்கைக்கும் எங்கள் தெருப் பிள்ளைகள் சிலருக்கும் கூடப் போய் அலைந்ததில் தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். தமிழ்நாட்டில் மாநிலப் பாடத்திட்டத்தில் படித்து, தமிழ்நாட்டுக் கல்லூரியில் சேருகிறவர்களை மனதில் வைத்து எழுதியது.

1. எந்தத் தாளானாலும் முதலில் இரண்டு கேள்வி

"இதில் யார் கையெழுத்துப் போடணும்? எதற்காகன்னு தாளில் எழுதணுமா?" இந்த இரண்டையும் கேட்காமல் கவுன்டரை விட்டு நகராதீர்கள். என் அலைச்சலில் பாதி இவை தெரியாததால் வந்தது.

பள்ளித் தாள் என்றால் தலைமை ஆசிரியர், அதாவது ஹெச்.எம். கல்லூரித் தாளில் பெரும்பாலும் பிரின்சிபால். துறை சம்பந்தப்பட்டதில் அதற்கு முன்னால் துறைத் தலைவர், அதாவது ஹெச்.ஓ.டி. கையெழுத்து வேண்டும். மதிப்பெண், தேர்வு, விடைத்தாள் எல்லாம் சி.ஓ.இ. எனப்படும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் பக்கம். பல்கலைக்கழகத்தின் பெயரில் வெளியே போகும் கடிதங்கள் பதிவாளர், அதாவது ரிஜிஸ்ட்ரார் பக்கம்.

உங்கள் கல்லூரி தன்னாட்சிக் கல்லூரியா, இல்லையா என்பதைச் சேரும்போதே தெரிந்துகொள்ளுங்கள். வாசலில் பெயர்ப்பலகையிலேயே 'அட்டானமஸ்' என்று போட்டிருக்கும். தன்னாட்சிக் கல்லூரியில் தேர்வு நடத்துவதும் செமஸ்டர் மதிப்பெண் பட்டியல் தருவதும் கல்லூரியின் சி.ஓ.இ. அலுவலகம்தான். பட்டச் சான்றிதழை மட்டும் பல்கலைக்கழகம் தரும். தன்னாட்சி இல்லாத இணைப்புக் கல்லூரியில் தேர்வும் மதிப்பெண்ணும் பட்டமும் எல்லாமே பல்கலைக்கழகம். இது தெரியாமல் மதிப்பெண் பட்டியலில் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்த வெளியூரிலிருந்து சென்னைக்கு ரயில் ஏறிப் போய், "உங்க காலேஜ்லயே பாருங்க" என்று கேட்டுத் திரும்பியவர்கள் உண்டு.

2. பள்ளியை விட்டு வரும் முன் வாங்க வேண்டியவை

*டி.சி. (மாற்றுச் சான்றிதழ்).* கையில் வாங்கியதும் அங்கேயே நின்று ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். பெயர், பெற்றோர் பெயர், எண்ணிலும் எழுத்திலும் பிறந்த தேதி, அங்க அடையாளங்கள், சேர்ந்த நாள், விலகிய நாள், பயிற்று மொழி, ஒழுக்கமும் பண்பும் என்று வரும். எண்ணில் ஒரு தேதியும் எழுத்தில் வேறு தேதியும் இருந்தால் கல்லூரியில் நிறுத்திவிடுவார்கள். அங்க அடையாளம் காலியாக விடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெற்றோர் கையெழுத்துக்கு இடம் இருக்கும், அதை மறக்காதீர்கள். வாங்கியதும் நாலைந்து ஜெராக்ஸ் எடுத்து, ஒரு ஸ்கேனும் எடுத்து வையுங்கள். கல்லூரியில் சேர்ந்தபின் அசல் டி.சி. நடைமுறையில் பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடும் (விதி என்ன சொல்கிறது என்று நாலாம் பகுதியில் பாருங்கள்).

*பெயர் பொருத்தம்.* பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் பெயர் எப்படி இருக்கிறதோ, அதுதான் உங்கள் வாழ்நாள் பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் இனிஷியல்தான் பெரிய தலைவலி. ஆதாரில் இனிஷியல் பின்னால், மார்க் ஷீட்டில் முன்னால், வங்கிக் கணக்கில் அப்பா பெயர் முழுசாக. ஒன்பது, பத்தில் படிக்கும் தம்பி தங்கை இருந்தால், பொதுத்தேர்வுக்கு முன் பள்ளியில் தயாரிக்கும் நாமினல் ரோலில், அதாவது தேர்வெழுதுவோர் பெயர்ப் பட்டியலில், பெயரை இப்போதே சரிபார்க்கச் சொல்லுங்கள். அந்தக் கட்டத்தில் திருத்துவதற்குச் செலவே இல்லை. சான்றிதழ் அச்சாகி வந்தபின் அரசுத் தேர்வுகள் இயக்ககம் வரை போக வேண்டியிருக்கும்.

*போனஃபைடு.* "இந்த மாணவர் எங்களிடம்தான் படிக்கிறார் / படித்தார்" என்று நிறுவனம் தரும் உறுதிச் சான்று. இதில் பல வகை உண்டு என்பதை யாரும் சொல்வதில்லை. பஸ் பாஸுக்கு ஒன்று, வங்கிக் கல்விக் கடனுக்குக் கட்டண விவரத்தோடு ஒன்று, கல்வி உதவித்தொகைக்கு ஒன்று. நோக்கம் எழுதாத போனஃபைடை வங்கியில் வாங்க மாட்டார்கள். விண்ணப்பத்திலேயே "கல்விக் கடன் பெறுவதற்காக, நான்கு ஆண்டுக் கட்டண விவரத்துடன்" என்று தெளிவாக எழுதிக் கொடுங்கள்.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு இன்னொரு போனஃபைடு பொன்னுக்குச் சமம். பொறியியல், மருத்துவம், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அவர்களுக்கு உண்டு. அதற்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை ஒவ்வொரு ஆண்டும் எந்தப் பள்ளி என்று காட்டும் சான்று வேண்டும். பாதியில் பள்ளி மாறியிருந்தால் பழைய பள்ளியிலும் வாங்க வேண்டும். ஏப்ரல், மே மாதத்திலேயே பழைய பள்ளிக்குப் போய்விடுங்கள். கலந்தாய்வுப் பதிவு தொடங்கியபின் போனால் ஹெச்.எம். பயிற்சிக்குப் போயிருப்பார், ரெக்கார்டு அறைச் சாவி இன்னொருவரிடம் இருக்கும்.

*எமிஸ் எண்.* பள்ளியில் ஒவ்வொரு மாணவருக்கும் இருக்கும் பதிவு எண். இதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கல்லூரியில் யூமிஸ், அதாவது கல்லூரி மாணவர்களுக்கான அரசு இணையப் பதிவு, செய்யும்போது கேட்பார்கள். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் பெறுவதற்கும் இந்தப் பதிவுகள் சரியாக இருக்க வேண்டும். பணம் வரவில்லை என்று புலம்புகிற பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது, வங்கிக் கணக்கோடு ஆதார் இணைந்திருக்கிறதா என்பதுதான். கணக்கு இருந்தால் மட்டும் போதாது, நேரடிப் பணப் பரிமாற்றத்துக்கு ஆதார் இணைத்துத் தரச் சொல்லி வங்கியில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

*தமிழ்வழிச் சான்று.* பி.எஸ்.டி.எம். என்பார்கள். தமிழ்வழியில் படித்தவர்களுக்குத் தமிழ்நாடு அரசு வேலை நேரடி நியமனத்தில் 20 சதவீத முன்னுரிமை உண்டு. 2020 திருத்தத்துக்குப் பிறகு, ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்த வேலைக்கான கல்வித்தகுதி வரை முழுக்கத் தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். ஆக தொடக்கப் பள்ளி, உயர்நிலைப் பள்ளி, கல்லூரி என்று படித்த ஒவ்வொரு இடத்திலும் சான்று வேண்டும். இருபத்தைந்து வயதில் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது தேடி அலையாமல், பள்ளியை விட்டு வரும்போதே கேளுங்கள்.

3. இ-சேவை மையத்தில் போட வேண்டியவை

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் எல்லாம் வருவாய்த்துறை தருபவை. இ-சேவை மையத்தில் ஒரு சான்றிதழுக்கு 60 ரூபாய். அதற்குமேல் கேட்டால் ரசீது கேளுங்கள். முதல்முறை போகிறவர்களுக்கு கேன் எண் என்று ஒரு பதிவு எண்ணைப் பதிவு செய்து தருவார்கள். அதற்கு ஆதார், குடும்ப அட்டை, போட்டோ, கையில் இருக்கும் மொபைல் எண் வேண்டும். மொபைலுக்கு ஓ.டி.பி. வரும் என்பதால் மையத்துக்காரரின் எண்ணைக் கொடுக்க விடாதீர்கள். அடுத்த வருடம் வேறு சான்றுக்குப் போகும்போது அந்த ஓ.டி.பி. உங்களுக்கு வராது.

விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று படிப்படியாகத் தாலுகா அலுவலகம் வரை போகும். எஸ்.டி. சான்றிதழ் மட்டும் கோட்டாட்சியர் நிலையில் வழங்கப்படும். தேர்வு முடிவு வந்தபின் எல்லோரும் ஒரே நேரத்தில் விண்ணப்பிப்பதால் தேங்கிவிடும். பொதுத்தேர்வு முடிந்த கையோடு போடுங்கள். வருமானச் சான்று ஓராண்டுக்குத்தான் செல்லும். ஆகவே உதவித்தொகைக்கு ஒவ்வொரு ஆண்டும் புதிதாக வாங்க வேண்டும்.

முதல் பட்டதாரிச் சான்றில் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே பட்டம் பெற்றிருந்தால் கிடைக்காது. விண்ணப்பத்தோடு வீட்டில் உள்ளவர்களின் படிப்பு விவரமும் உறுதிமொழியும் கேட்பார்கள். அப்பா ஐந்தாவதோடு நின்றவர் என்றால் அவருடைய பழைய பள்ளிச் சான்று இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். பொறியியல் கலந்தாய்வில் இது கல்விக் கட்டணச் சலுகைக்கு வழிசெய்கிற தாள், சோம்பல்பட்டு விட்டுவிடாதீர்கள்.

மத்திய அரசு நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கிற பி.சி., எம்.பி.சி. பிள்ளைகள் கவனிக்க வேண்டியது ஒன்று. மாநில சாதிச் சான்றிதழ் அங்கே போதாது. ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும், அதில் கிரீமி லேயரில், அதாவது வசதி மிக்க பிரிவில், வரவில்லை என்ற உறுதியும் இருக்க வேண்டும்.

4. சேர்க்கை மேசையில்

அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யு.ஜி.சி., 2018இல் அறிவித்திருக்கிறது. "கோர்ஸ் முடியட்டும், தருகிறோம்" என்று யாராவது சொன்னால் இதை மரியாதையாக நினைவூட்டுங்கள். ஏதாவது ஒன்றைக் கொடுத்தே தீர வேண்டிய நிலை வந்தால், என்னென்ன அசல் கொடுத்தீர்கள் என்று பட்டியல் எழுதி, சீலோடு ஒப்புகை வாங்குங்கள். வாயால் சொன்னது நாளை நிற்காது.

கட்டண ரசீதில் டியூஷன் ஃபீஸ், தேர்வுக் கட்டணம், காஷன் டெபாசிட் என்று பிரித்துப் போட்டிருக்கும். காஷன் டெபாசிட் என்பது முன்பணம், படிப்பு முடிந்ததும் திரும்பி வர வேண்டியது. அந்த ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பலரும் மூன்று வருடம் கழித்து ரசீது இல்லாமல் அந்தப் பணத்தை விட்டுவிடுகிறார்கள்.

இடம் மாறி வேறு கல்லூரிக்குப் போக நேர்ந்தால் கட்டணம் எவ்வளவு திரும்பும்? யு.ஜி.சி.யின் அதே 2018 அறிவிப்பில் கணக்கு இருக்கிறது. சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்னால் எழுதிக் கொடுத்தால் முழுத் தொகை, செயலாக்கக் கட்டணமாக ஒரு சிறு பிடித்தம் போக. 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம். கடைசி நாள் தாண்டி 15 நாள் வரை 80, 16ஆம் நாள் முதல் 30ஆம் நாள் வரை 50, அதற்கும் மேல் போனால் எதுவுமில்லை. சில ஆண்டுகளில் யு.ஜி.சி. இதைவிடத் தாராளமான தேதிகளும் அறிவித்திருக்கிறது, அந்த ஆண்டின் சுற்றறிக்கையைப் பாருங்கள். பொறியியல் கல்லூரிகளுக்கு ஏ.ஐ.சி.டி.இ., அதாவது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் விதி தனி. எதுவானாலும் விலகல் கடிதம் கொடுத்த தேதிதான் கணக்கு. நகலில் தேதியோடு சீல் வாங்காமல் வராதீர்கள்.

வேறு பாடத்திட்டத்திலிருந்தோ வேறு மாநிலத்திலிருந்தோ வருகிறவர்களிடம் மைக்ரேஷன் சான்றிதழும், சில பல்கலைக்கழகங்களில் எலிஜிபிலிட்டி சான்றிதழும் கேட்பார்கள். மைக்ரேஷன் என்பது பழைய வாரியம் "இவர் வேறு இடத்தில் சேரத் தடையில்லை" என்று தருவது. எலிஜிபிலிட்டி என்பது புதிய பல்கலைக்கழகம் "இவருடைய பழைய படிப்பு எங்கள் படிப்பில் சேரப் போதுமானது" என்று தருவது. ஒன்றைக் கேட்ட இடத்தில் இன்னொன்றை நீட்டாதீர்கள்.

5. படிக்கும்போது

வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் குறைந்தால் கண்டோனேஷன் என்ற சொல் வரும். 65க்கும் 75க்கும் இடையில் இருப்பவர்கள் காரணம் காட்டி, கட்டணம் கட்டித் தேர்வெழுத அனுமதி கேட்பது அது. பெரும்பாலும் மருத்துவச் சான்று கேட்பார்கள். காய்ச்சலில் படுத்தபோதே மருத்துவரிடம் சான்று வாங்கி அந்த வாரமே ஹெச்.ஓ.டி.யிடம் கொடுத்துவிடுங்கள். செமஸ்டர் கடைசியில் கொண்டுபோனால் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். 65க்கும் கீழே போனால் ஹால் டிக்கெட்டே வராமல் போகலாம்.

முடிவு வந்து மதிப்பெண் குறைவாகப் பட்டால் மூன்று வழி. விடைத்தாள் நகல் வாங்குவது, மறுகூட்டல், மறுமதிப்பீடு. மறுகூட்டலில் கூட்டலை மட்டும்தான் பார்ப்பார்கள், இன்னொருவர் திருத்துவது மறுமதிப்பீட்டில்தான். அண்ணா பல்கலைக்கழகத்தில் முதலில் விடைத்தாள் நகல் வாங்கியவர்தான் மறுமதிப்பீட்டுக்குப் போக முடியும். கட்டணம் பாடத்துக்குப் பாடம். விண்ணப்பிக்கச் சில நாள்தான் தருவார்கள், அதனால் முடிவு வரும் வாரத்தில் கையில் கொஞ்சம் பணம் வைத்திருங்கள். நகல் கையில் வந்ததும் அந்தப் பாட ஆசிரியரிடம் காட்டி, மதிப்பெண் கூட வாய்ப்பிருக்கிறதா என்று கேட்டுவிட்டு அடுத்த கட்டணத்தைக் கட்டுங்கள்.

6. படிப்பு முடிந்ததும்

நோ டியூஸ் படிவத்தில் தொடங்கும். நூலகம், ஆய்வகம், விடுதி, உடற்கல்வித் துறை, கணக்குப் பிரிவு எல்லாவற்றிலும் "பாக்கி இல்லை" என்று கையெழுத்து வாங்க வேண்டும். கடைசித் தேர்வு முடிந்த அன்றே தொடங்குங்கள். விடுமுறை விட்டால் ஒருவர் இருந்தால் ஒருவர் இருக்க மாட்டார். விடுதியில் தங்கியவர்கள் அறை காலி செய்யும்போதே வார்டனிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

அதன்பிறகு டி.சி.யும், கண்டக்ட் என்று சொல்லும் நன்னடத்தைச் சான்றும் வரும். மதிப்பெண் முழுதும் வந்ததும் ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல், கூடவே புரொவிஷனல். புரொவிஷனல் என்பது பட்டம் அச்சாகி வரும்வரை பயன்படும் தற்காலிகச் சான்று. வேலைக்கும் மேற்படிப்புச் சேர்க்கைக்கும் பெரும்பாலும் இது போதும். ஆனால் இதையே வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் பட்டச் சான்றிதழ் வாங்காமல் இருக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், குறிப்பாகக் கல்யாணமாகி வெளியூர் போன பெண்களை. பட்டத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டுமா, கல்லூரியே மொத்தமாக அனுப்புமா என்று கடைசி செமஸ்டரிலேயே கேளுங்கள். பட்டமளிப்பு விழாவுக்கு நேரில் போகாமல் 'இன் ஆப்சென்ஷியா' என்று குறித்தும் வாங்கலாம். மாணவர் பட்டத்துக்குத் தகுதிபெறும் நாளிலிருந்து 180 நாளுக்குள் பட்டம் வழங்கிவிட வேண்டும் என்பது யு.ஜி.சி. விதி. அதற்குமேல் தாமதமானால் எழுத்தில் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

சில இடங்களில் கட்டணத்துக்கு இன்னும் டி.டி., அதாவது வங்கி வரைவோலை, எடுக்கச் சொல்வார்கள். யார் பெயருக்கு என்பதை எழுத்துக்கு எழுத்து குறித்துக்கொள்ளுங்கள். பதிவாளர் பெயருக்கு எடுக்க வேண்டியதைத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் பெயருக்கு எடுத்தால் வங்கியில் ரத்துக் கட்டணம் வேறு போகும். டி.டி. மூன்று மாதம்தான் செல்லும்.

7. வெளிநாடு போகிறவர்களுக்கு

டிரான்ஸ்கிரிப்ட் என்பது எல்லா செமஸ்டர் மதிப்பெண்ணையும் ஒரே ஆவணமாக்கி, கையெழுத்தும் சீலும் போட்டுத் தருவது. உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் சீல் வைத்துத் தருவார்கள். அந்த உறையை நீங்கள் பிரித்துவிட்டால் அது செல்லாது. எத்தனை பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கிறீர்களோ அத்தனை உறையும், கூட ஒன்றும் சேர்த்துக் கேளுங்கள். இத்தோடு பயிற்றுமொழிச் சான்று, நிலுவைத் தேர்வு விவரம் காட்டும் பேக்லாக் சான்று ஆகியவையும் கேட்கப்படலாம். ஜெர்மனிக்கு மாணவர் விசா கேட்கிறவர்கள் 2022 நவம்பர் முதல் ஏ.பி.எஸ். சான்றிதழும் (படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்து ஜெர்மனி தரப்பு தருவது) வாங்க வேண்டும், கட்டணம் 18,000 ரூபாய். இதையெல்லாம் வாங்க மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால் விண்ணப்பக் கடைசி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

வேலைக்காகப் போகிறவர்கள் கேட்கும் சொல் அட்டெஸ்டேஷன், அப்போஸ்டில். இரண்டுமே சான்றிதழ் உண்மையானது என்று வெளிநாட்டில் காட்டுவதற்காக வாங்கும் அத்தாட்சி. ஒருவர் நாட்டு ஆவணத்தை மற்றவர் ஏற்பதற்காகச் செய்துகொண்ட ஹேக் உடன்படிக்கையில் உள்ள நாடுகளுக்கு அப்போஸ்டில் முத்திரை போதும். ஐக்கிய அரபு அமீரகம் போன்ற நாடுகளுக்குத் தூதரக அட்டெஸ்டேஷன் வேண்டும். முதலில் மாநில அரசு அளவில் சரிபார்ப்பு, பிறகு வெளியுறவு அமைச்சகம் என்று போகும். சில சமயம் அதற்கும் முன்னால் பல்கலைக்கழகத்தின் ஜென்யூன்னஸ், அதாவது உண்மைத்தன்மைச் சான்று கேட்பார்கள். அமைச்சகத்தில் நேரில் தர முடியாது, அங்கீகாரம் பெற்ற முகமைகள் வழியாகத்தான் போக வேண்டும். அப்போஸ்டிலுக்கு அரசுக் கட்டணம் ஓர் ஆவணத்துக்கு 50 ரூபாய்தான், முகமையின் சேவைக் கட்டணம் தனி. ஆயிரக்கணக்கில் கேட்கும் தரகரிடம் அசலைக் கொடுக்கும் முன், அவர் அங்கீகாரம் பெற்றவரா என்று வெளியுறவு அமைச்சக இணையதளத்தில் பார்த்துவிடுங்கள்.

8. தொலைந்துவிட்டால்

பதறாமல் முதலில் தமிழ்நாடு காவல்துறையின் குடிமக்கள் சேவை இணையதளத்தில் 'தொலைந்த ஆவண அறிக்கை' பதிவு செய்யுங்கள். கட்டணமில்லை. பள்ளி, கல்லூரிச் சான்றிதழ்கள் இதில் அடங்கும். தொலைந்ததற்குப் பதிலாக டூப்ளிகேட் சான்றிதழ் கேட்கும்போது சில அலுவலகங்கள் காவல் நிலையத்தில் "கண்டுபிடிக்க இயலவில்லை" என்று தரும் சான்றையும் கேட்கும், அதை எந்த வடிவில் என்று கேட்டுக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போங்கள்.

பத்து, பன்னிரண்டு மதிப்பெண் சான்றிதழ் என்றால் படித்த பள்ளியின் ஹெச்.எம். வழியாக, அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு. கல்லூரித் தாள் என்றால் மேலே முதல் பகுதியில் சொன்ன கணக்குத்தான், தன்னாட்சியா இல்லையா என்று பார்த்து சி.ஓ.இ. யாரோ அவருக்கு. இரண்டுக்குமே தேர்வெண், தேர்வெழுதிய மாதம், ஆண்டு கட்டாயம் வேண்டும். ஜெராக்ஸ்கூட இல்லாதவர்கள் டிஜிலாக்கரில் (மத்திய அரசின் இணைய ஆவணப் பெட்டகம்) தேடிப் பாருங்கள். அண்மை ஆண்டுகளின் மதிப்பெண் சான்றிதழ்கள் பல அங்கே இருக்கின்றன, அதிலிருந்து தேர்வெண்ணை எடுத்துக்கொண்டு விண்ணப்பத்தை நிரப்பலாம்.